வலி என்னும் காவற்காரன்



கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டு, சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் துடித்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அங்கே எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது. தொழுநோய் இருக்குமோ என்ற ஐயத்துடன் வருகிறவர்களிடம் நாங்கள் தடவிப் பார்க்கும் நரம்புகளில் அதுவும் ஒன்று. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, நரம்பு எவ்வாறு செய்தி அனுப்புகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நரம்பு என்பது மெல்லிய இழைகள் பலவற்றின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்புச் செல்லின் நீண்ட கை போன்றது. விரல் நுனியின் உணர்வைத் தெரிவிக்கும் செல்லின் உடல் முதுகெலும்பின் அருகே இருக்கிறது. அதன் இழையோ விரல் வரை நீளுகிறது.

செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். விரலில் சூடு பட்டதும் இழையின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மின்மாற்றம் அடுத்துள்ள வாயில்களைத் திறக்கிறது. சரவெடியில் ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைப்பதுபோல் செய்தி ஓடுகிறது. ஆனால் சரவெடி ஒருமுறைதான் வெடிக்கும். நரம்போ சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் மீண்டும் ஆயத்தமாகிவிடும்.

ஓர் இழையின் முடிவுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. செய்தி அதை எப்படிக் கடக்கிறது? 1921-ல் ஆட்டோ லோவி என்ற அறிஞர் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பைத் தளர்த்தினார். அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை வேறோர் இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது! நரம்பின் முனை ஒரு இரசாயனப் பொருளைச் சுரந்தே செய்தியை ஒப்படைக்கிறது என்று அதனால் தெளிவாயிற்று. 1936-ல் ஹென்றி டேலுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுடுபானையைத் தொட்ட கை, மூளை வலியை உணருமுன்பே விலகுவதும் இவ்வாறுதான். தண்டுவடத்திலேயே செய்தி கைமாறிவிடுகிறது.

இப்போது தொழுநோய்க்கு வருவோம். 1873-ல் நார்வேயில் ஹான்சன் கண்டறிந்த அந்தக் கிருமி, நரம்பிழைகளைப் போர்த்திக் காக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியேறுகிறது. உடலின் குளிர்ந்த பகுதிகளையே அது நாடுகிறது. ஆகவே தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. கிருமியை எதிர்த்து உடல் போராடும்போது நரம்பு வீங்குகிறது. இறுகிய உறைக்குள் இழைகள் நசுங்கிச் சாகின்றன. அதன்பின் சூடு பட்டாலும் செய்தி புறப்படுவதில்லை.

தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைக் கூர்ந்து ஆராய்ந்தார். உணராமல் ஏற்படும் தீப்புண்ணும் வெட்டுக்காயமும் கவனிக்கப்படாமல் சீழ் பிடிப்பதே விரல்கள் அழிவதற்கு முக்கியக் காரணம் என்று அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். நாம் வெறுக்கும் வலி உண்மையில் நம்மைக் காக்கும் காவற்காரன்!

1980-களிலிருந்து வழங்கப்படும் கூட்டு மருந்து கிருமிகளை முற்றிலும் அழித்துவிடும். ஆனால் செத்த நரம்பை அது உயிர்ப்பிக்காது. உணர்விழப்புத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தால், பிரெட்னிசோலோன் மாத்திரையால் பலருக்கு உணர்வு திரும்பக்கூடும். பல ஆண்டுகள் கழித்து வருகிறவருக்கோ, மரக்கைப்பிடி போட்ட கரண்டியும், மென்மையான செருப்பும், தினந்தோறும் கைகால்களைக் கண்ணால் பார்க்கும் பழக்கமுமே காவல்.

2023-லும் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, சபையிலோ எவருக்கேனும் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், கைகால் மரத்துப்போனால், தயங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் மருந்து இலவசமே.  ஒருவரைக் காலத்தில் அழைத்து வருவீர்களானால், அவருடைய பத்து விரல்களையும் காப்பாற்றியவர்களாவீர்கள்.