பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் உள்ள பர்லியாரில், பொழுது சாய்ந்த பிறகும் சாலையோரக் கடைகளில் எல்.இ.டி. விளக்குகள் எரியும். மேலே உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் சீசன் நேரத்தில் இரவு ஷிப்டும் உண்டு. வெளிச்சத்தில் இப்படி விழித்திருப்பது தூக்கத்தை மட்டுமல்ல, சர்க்கரையையும் பாதிக்கும். எப்படி?

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் நம் உடலின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் எம்.கே. சந்திரசேகரன் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தவர். அவரும் குழுவினரும் சூரியனும் கைக்கடிகாரமும் எட்டாத அறையில் ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். அங்கும் அவர்கள் ஒழுங்காகத் தூங்கி எழுந்தார்கள். ஆனால் அந்தச் சுழற்சி 24 மணி நேரத்துக்குள் அடங்கவில்லை. உள்ளே இருக்கும் கடிகாரத்தை அன்றாடம் சரிசெய்வது வெளிச்சம்தான்.

விழித்திரையில் சில செல்கள், பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே இருக்கின்றன. நீல ஒளியால் அவை அதிகம் தூண்டப்படும். இரவில் அவை தூண்டப்பட்டால், 'இன்னும் பகல்தான்' என்று மூளை எண்ணி, தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பைக் குறைத்துவிடும்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் கணையத்துக்கும் கல்லீரலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. பொதுவாக, காலையில் சாப்பிட்டதைச் சமாளிப்பதுபோல உடல் நள்ளிரவில் சாப்பிட்டதைச் சமாளிப்பதில்லை. சர்க்கரை கூடுதலாக ஏறும். தூங்கும்போது விழும் வெளிச்சமும் இதில் பங்கெடுக்கிறது. 2022இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 20 இளைஞர்களில் ஒரு பகுதியினரை 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரே ஓர் இரவு தூங்கவைத்தார்கள். வீட்டு அறை விளக்கின் அளவுதான் அது. இரவில் அவர்களுடைய இதயத்துடிப்பு கூடியது. மறுநாள் காலை இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை.

பகல் வெளிச்சம் இதற்கு எதிர்மருந்து. மூடுபனி போர்த்திய காலையிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வீட்டுக்குள் சில நூறுதான். எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நடமாடுங்கள். படுக்கப்போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விளக்குகளைக் குறைத்து, செல்போனை ஒதுக்கிவையுங்கள். படுக்கை அறையில் விடிவிளக்கு வேண்டுமென்றால் மங்கலான சிவப்போ மஞ்சளோ போதும்.

இரவு ஷிப்டில் இருப்பவர்கள் பகலில் தூங்கும்போது ஜன்னலைக் கெட்டித் திரையால் மூடலாம். நள்ளிரவில் வயிறு நிறையச் சாப்பிடாமல் இருப்பது நல்லது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஷிப்ட் மாறும்போது மருந்து நேரத்தை டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.