ஆங்கில வினையின் காலமும் திருமறை வாசிப்பும்

கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை ஆங்கிலத்தில் கூர்ந்து வாசிக்கும் மாணவருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். 1946-ஆம் ஆண்டு வெளியான திருத்திய நியம மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டில், கிறிஸ்து எழுப்பப்பட்டதைக் குறிக்க நான்காம் வசனத்தில் 'வாஸ் ரெய்ஸ்ட்' என்றும், இருபதாம் வசனத்தில் 'ஹேஸ் பீன் ரெய்ஸ்ட்' என்றும் இரு வேறு வடிவங்கள் காணப்படுகின்றன. கிரேக்க மூலத்திலோ இவ்விரு இடங்களிலும் நிற்பது 'எகேகெர்த்தாய்' என்னும் ஒரே சொல்லாகும். அப்படியாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? பவுல் அடியார் இரு வேறு கருத்துகளைக் கூறினார் என்று கொண்டு, அதன்மேல் ஓர் அருளுரையைக் கட்டி எழுப்பலாமா?

நம்மில் பலர் வியாக்கியான நூல்களை ஆங்கிலத்தின் வழியாகவே கற்கிறோம். ஆகவே ஆங்கில வினைக்காலத்தின் இயல்பை அறியாமல் வாசிப்போமாயின், மொழிபெயர்ப்பாளரின் இலக்கணத் தேவையை அப்போஸ்தலரின் உபதேசமாக எண்ணிவிட இடமுண்டு. எனவே, சாதாரண இறந்தகாலம், நிகழ்கால நிறைவு எனும் இவ்விரண்டுள் எதனை எங்கே ஆளவேண்டும் என்பதை ஈண்டு சுருக்கமாக ஆராய்வோம்.

1. அடிப்படை வேறுபாடு

'ரோட்', 'கேம்', 'டைட்' போன்றவை சாதாரண இறந்தகால வடிவங்கள். 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' என்னும் துணைவினையோடு இறந்தகால எச்சத்தைச் சேர்த்து 'ஹேவ் ரிட்டன்', 'ஹேஸ் கம்' என்று அமைப்பது நிகழ்கால நிறைவு. பள்ளியில் இவ்விரண்டையும் இறந்தகாலத்தின் இரு வகைகள் என்றே பலர் கற்றிருப்போம். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 'ஹேவ்' என்பது நிகழ்கால வினை. 'உடையேன்' என்பதே அதன் பொருள். பழைய ஆங்கிலத்தில், எழுதி முடிந்த நிலையிலுள்ள ஒரு கடிதத்தை 'உடையேன்' என்று சொல்லும் முறையிலிருந்தே இவ்வடிவம் வளர்ந்தது. ஆகவே நிகழ்கால நிறைவைப் பயன்படுத்துகிறவர் இன்றைய நிலையில் நின்றுகொண்டு, கடந்தது இன்றைக்கு எவ்வகையில் உரியதாயிருக்கிறது என்று நோக்குகிறார். சாதாரண இறந்தகாலத்தைப் பயன்படுத்துகிறவரோ இன்றிலிருந்து பிரிந்துபோன ஒரு வேளையைச் சுட்டிக்காட்டுகிறார்.

இதிலிருந்து ஒரு திட்டமான விதி பிறக்கிறது. 'நேற்று', 'சென்ற வாரம்', '1947-இல்', 'இரண்டு ஆண்டுகளுக்கு முன்' என முடிந்துபோன ஒரு வேளையைக் குறிக்கும் சொல் வாக்கியத்தில் வருமாயின், நிகழ்கால நிறைவு அங்கே நிற்கலாகாது. 'எப்பொழுது?' என்று கேட்கும் வினாவுக்கும் இதுவே விதி. அதற்கு மாறாக, 'இதுவரை', 'இன்னும்', 'எப்பொழுதாவது' போன்ற சொற்கள் இன்றுவரை எட்டும் காலத்தைக் குறிப்பதால் அவை பெரும்பாலும் நிகழ்கால நிறைவையே நாடும். 'இன்று காலை' என்பதோ பேசும் நேரத்தைப் பொறுத்தது. காலை முடியுமுன் பேசுகிறவர் 'ஹேவ் சீன்' என்னலாம். மாலையில் பேசுகிறவர் 'சா' என்றே சொல்லவேண்டும்.

2. தமிழர் இடறும் இடங்கள்

நம் தாய்மொழியிலும் 'வந்தார்', 'வந்திருக்கிறார்' என்னும் இரு வடிவங்கள் உள்ளன. எனவே இவற்றை ஆங்கில வடிவங்களுக்கு நேர் இணையாகக் கொள்ள மனம் விரைகிறது. ஆனால் இரு மொழிகளின் எல்லைகளும் ஒன்றல்ல. காலையில் எழுந்து நனைந்த தரையைக் கண்டவர், 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்று சொல்வது நல்ல தமிழே. அடையாளத்தைக் கண்டு நிகழ்ந்ததை உய்த்துணர்கிறோம் என்பதை 'இருக்கிறது' என்னும் துணைவினை காட்டுகிறது. 'நேற்று' என்னும் சொல் அதற்குத் தடையன்று. ஆங்கிலத்திலோ 'லாஸ்ட் நைட்' என்று சொன்னவுடன் 'ரெய்ன்ட்' என்றே முடிக்கவேண்டும். 'ஐ ஹேவ் மெட் ஹிம் எஸ்டர்டே' என்று நம்மவர் எழுதும் பிழை தமிழின் இவ்வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் வருவதே.

எதிர்த்திசையிலும் ஓர் இடறல் உண்டு. 'பத்து ஆண்டுகளாக இச்சபையில் ஊழியம் செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தால் கூறுகிறோம். ஆங்கிலம் இவ்விடத்தில் நிகழ்காலத்தை ஏற்பதில்லை; 'ஹேவ் சர்வ்ட்' என்னும் நிறைவு வடிவத்தையோ, 'ஹேவ் பீன் சர்விங்' என்னும் தொடர் வடிவத்தையோதான் வேண்டுகிறது. 'ஐ ஆம் சர்விங் ஃபார் டென் இயர்ஸ்' என்பது தமிழ் நடையே அன்றி ஆங்கில நடையன்று.

இப்பிழைகள் வெறும் அழகுக் குறைவுகள் அல்ல. ஒருவருக்கு நற்சான்று எழுதும் ஆயர், 'ஹி சர்வ்ட் அவர் சர்ச் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்' என்று எழுதினால், அப்பணியாளர் இப்பொழுது அச்சபையில் இல்லை என்றே வாசிப்பவர் கொள்வார். 'ஹேஸ் சர்வ்ட்' என்று எழுதினால், அவர் இன்னும் அங்கே பணியாற்றுகிறார் என்று பொதுவாக விளங்கும். அவ்வாறே, 'ஹி ஹேஸ் கான் டு மதுரை' என்பது அவர் இன்னும் திரும்பவில்லை என்பதையும், 'ஹி ஹேஸ் பீன் டு மதுரை' என்பது அவர் முன்பு அங்கே போய் வந்தவர் என்பதையும் குறிக்கும்.

3. வரலாறு எழுதுங்கால்

சபை வரலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் இவ்விதியை நாள்தோறும் எதிர்கொள்கிறார். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறியது. அவர் 1719-இல் காலமானார். இவையனைத்தும் ஆண்டு குறிக்கப்பட்டு முடிந்துபோன செயல்கள். ஆகவே 'கேம்', 'வாஸ் பிரின்டட்', 'டைட்' என்றே வரவேண்டும். ஆனால் தமிழ்த் திருமறை பலமுறை திருத்தப்பட்டுள்ளது என்று கூறும்போது 'ஹேஸ் பீன் ரிவைஸ்ட்' என்பதே பொருந்தும். அந்நூல் இன்றும் நம் கையில் உள்ளது, இனியும் திருத்தப்படலாம்.

மரித்த இறையியலாளரின் கருத்தை எடுத்துக் கூறும்போது நுட்பமான ஒரு வேறுபாடு தோன்றும். கால்வின் ஜெனீவாவில் போதித்தார் என்னுமிடத்தில் 'டாட்' என்பதே சரி. அவர் தம் நூல்களின் மூலம் நமக்கு ஒன்றைக் காட்டியுள்ளார் என்னுமிடத்தில் 'ஹேஸ் ஷோன்' என்று எழுதுவதை ஆங்கிலம் ஏற்கிறது. மனிதர் மறைந்தார், நூலோ இன்றும் பேசுகிறது. ஆசிரியரின் வாழ்வைக் கூறுகிறோமா, நம்முன் இருக்கும் நூலைக் கூறுகிறோமா என்பதே இங்குத் தீர்ப்பளிக்கிறது.

4. மீண்டும் நிருபங்களுக்கு

இப்பொழுது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். கொரிந்தியர் நிருபத்தின் இப்பகுதியில் கிறிஸ்துவின் மரணமும் அடக்கமும் கிரேக்கத்தில் 'அயோரிஸ்து' என்னும் வடிவத்தில் உள்ளன. எழுப்பப்பட்டமை மட்டும் நிறைவு வடிவத்தில் வருகிறது. மரணமும் அடக்கமும் நிகழ்ந்து முடிந்தவை; எழுப்பப்பட்டவரோ இன்றும் உயிரோடிருக்கிறார். இந்நிறைவு வடிவத்தை ஆங்கிலத்தில் காக்க விரும்பிய 1881-ஆம் ஆண்டின் திருத்திய மொழிபெயர்ப்பாளர், நான்காம் வசனத்திலும் 'ஹேத் பீன் ரெய்ஸ்ட்' என்றே எழுதினர். ஆனால் அவ்வசனத்தில் 'மூன்றாம் நாளில்' என்னும் காலக்குறிப்பு நிற்கிறது! முடிந்த வேளையைக் குறிக்கும் சொல்லோடு நிகழ்கால நிறைவு இணையாது என்னும் விதியை அவர்கள் மூலத்தின்பொருட்டு மீறினர். 1946-இன் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில மரபைப் பேணி 'வாஸ் ரெய்ஸ்ட்' என்றனர். காலக்குறிப்பு இல்லாத இருபதாம் வசனத்தில் 'ஹேஸ் பீன் ரெய்ஸ்ட்' என்று நிறைவு வடிவத்தை மீட்டனர். ஆகவே இவ்விரு வசனங்களின் வேறுபாடு பவுலுடையது அன்று, ஆங்கிலத்துக்கு உரியது. நான்காம் வசனத்தில் ஆங்கிலம் விட்டுவிட்ட பொருளைப் போதகர் கிரேக்கத்திலிருந்து சபைக்கு எடுத்துக் கூறலாம், கூறவும் வேண்டும்.

ரோமர் நிருபம் இதனினும் கடினமான ஒரு சான்றைத் தருகிறது. 3:23-இலும் 5:12-இலும் எல்லாரும் பாவஞ்செய்ததைக் கூறும் கிரேக்க வினை 'ஹேமர்தொன்' என்னும் ஒரே அயோரிஸ்து வடிவமாகும். 1611-இன் மொழிபெயர்ப்பு இரண்டையும் 'ஹேவ் சின்ட்' என்று பெயர்த்தது. 1881-இல் திருத்தியோர் முன்னதை அவ்வாறே விட்டுப் பின்னதை 'சின்ட்' என்று மாற்றினர். 'ஹேவ் சின்ட்' என்பது மனிதர் ஒவ்வொருவரும் இன்றுவரை செய்துவரும் பாவத்தை நினைப்பூட்டுகிறது. 'சின்ட்' என்பதோ கடந்த ஒரு வேளையைச் சுட்டுவதால், ஆதாமின் மீறுதலில் எல்லாரும் பங்குற்றனர் என்னும் விளக்கத்துக்கு இடந்தருகிறது. ஜென்ம பாவத்தைப் பற்றிய நெடுநாள் வழக்கு முழுவதும் இவ்வசனத்தைச் சுற்றி நிற்பதை நாம் அறிவோம். கிரேக்க அயோரிஸ்து இவ்விரு பொருளுக்கும் இடமளிப்பதால், அவ்வழக்கை ஆங்கிலத்தின் 'ஹேவ்' என்னும் துணைவினையைக் கொண்டு தீர்க்க முயல்வது மணலின்மேல் வீடு கட்டுவதாகும். அதிகாரத்தின் முழு வாதத்தையும் ஆராய்ந்தே முடிவுக்கு வரவேண்டும்.

5. முடிவுரை

ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். முடிந்துபோன வேளை ஏதேனும் குறிக்கப்பட்டுள்ளதா? அச்செயலோ நிலையோ இன்றுவரை தொடர்கிறதா? அதன் பயன் இப்பொழுது நம் கண்முன் நிற்கிறதா? முதற்கேள்விக்கு விடை ஆம் எனில், சாதாரண இறந்தகாலமே உரியது. மற்ற இரண்டையும் கேட்கவேண்டியதில்லை. பின்னிரண்டில் ஒன்றுக்கேனும் ஆம் எனில், நிகழ்கால நிறைவை ஆளலாம். அமெரிக்க வழக்கில் 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' போன்ற சொற்களோடு சாதாரண இறந்தகாலமும் வருவதைக் காண்போம். அதனைப் பிழையென எண்ணலாகாது.

ஆங்கிலத்தில் வாசிக்கும்போது நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. இவ்வடிவத்தைத் தெரிந்துகொண்டது மூல ஆசிரியரா, மொழிபெயர்ப்பாளரின் மொழியா? இக்கேள்வியைக் கேட்கப் பழகிய ஊழியர், மூலத்தில் இல்லாததைப் பிரசங்க பீடத்தினின்று கூறமாட்டார். மூலத்தில் உள்ளதை மொழிபெயர்ப்பு மறைத்தவிடத்தும் அதைச் சபைக்கு எடுத்து வழங்கத் தவறமாட்டார்.