பழைய சுவரும் புதிய சுவரும்

வீட்டை விரிப்போருக்கு – 9

மணலைச் சோதிக்கும் முறையையும் கலவைக்குரிய தண்ணீரின் அளவையும் சென்ற இதழில் விவரித்து முடிக்கையில், குடியிருக்கிற வீட்டோடு புதிதாக ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவது எப்படி என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வெறும் மனையில் வீடு கட்டுவதைக் காட்டிலும் இது கடினமான காரியம் என்பது என் அபிப்பிராயம். வெறும் மனையில் நாம் மண்ணின் குணத்தை மட்டும் அறிந்து நடந்தால் போதும். இங்கேயோ மண்ணின் குணத்தோடு, அந்த மண்ணின்மேல் நமக்கு முந்தியவர்கள் நிறுத்திவைத்துப் போன சுவரின் குணத்தையும் அறிந்துகொள்ளாமல் ஒரு செங்கலைக்கூட வைக்கலாகாது.

இதை நான் அறிந்துகொண்டது புத்தகத்தால் அன்று. தஞ்சை ஜில்லாவில் உள்ள எங்கள் பூர்வீக வீடு, களிமண் பூமியில் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டது. என் பாட்டனார் எழுப்பிய அந்தச் சுவர்கள் எத்தனையோ அடைமழைகளையும் புயல்களையும் ஒரு கீறல்கூட விழாமல் தாங்கி நின்றவை. என் மூத்த பெண் பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று, கிழக்குப் பக்கத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறையைச் சேர்க்கத் தீர்மானித்து, மாசியில் வேலையைத் தொடங்கி, பழைய சுவரில் பொந்து பொந்தாகக் கொத்தி, அவற்றுக்குள் புதுச் செங்கலை நுழைத்து, சிமெண்டுக் கலவையால் இறுக்கிப் பிணைத்து, சித்திரைக் கடைசியில் பால் காய்ச்சி முடித்தோம். ஐப்பசி மழை பெய்து தரை ஊறியது. கார்த்திகை பிறந்ததும், அறையின் வடமேற்கு மூலையில், தரையிலிருந்து ஆரம்பித்து மேலே போகப் போக அகன்றுகொண்டே செல்லும் ஒரு சாய்ந்த விரிசல் கண்ணில் பட்டது. அது புதுச் சுவரில் இல்லை. அறுபது வருஷம் அசையாமல் நின்ற என் பாட்டனாரின் சுவரில் இருந்தது.

“பூச்சு வெடிப்புதாங்க ஐயா, பூசிட்டா மூடிக்கும்” என்றார் மேஸ்திரி. பூசினோம், தை மாதத்தில் மீண்டும் விரிந்தது. மறுபடி பூசினோம், மறுபடி விரிந்தது. குற்றத்தை அவர்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. நாள் குறித்துவிட்டு அவசரப்படுத்தியவன் நான். வானம் தோண்டும்போது பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று அருகில் நின்று பார்க்காதவனும் நான்.

எந்தக் கட்டடமும், எழுந்து நின்ற பிறகு, தன் பாரத்தால் தன் கீழிருக்கும் மண்ணை அமுக்கிக்கொண்டு சிறிது இறங்கத்தான் செய்யும். மணற்பாங்கான பூமியில் இந்த இறக்கம் கட்டும்போதே ஏறக்குறைய முடிந்துவிடும். களிமண்ணிலோ, மண்ணுக்குள் சிறைப்பட்டிருக்கும் நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறினால்தான் மண் அடங்குமாதலால், வருஷக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். பழைய வீடு இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி நிலைபெற்றுவிட்டது. புதிய அறை இப்போதுதான் இறங்க ஆரம்பிக்கிறது. ஒன்று நிற்க, மற்றொன்று இறங்க, இரண்டையும் இறுக்கிக் கட்டிவைத்தால், கட்டின இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ எது பலவீனமானதோ அது கிழியாமல் என்ன செய்யும்?

எது பலவீனமானது என்ற கேள்வியிலேதான் நம்மில் பலர் தவறிவிடுகிறோம். சிமெண்டு நம் ஊர்களுக்குச் சமீபத்தில் வந்த பொருள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றது 1824-இல். நம் நாட்டில் அதைச் செய்துபார்க்கும் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904-இல் சென்னையில், கடற்சிப்பியை மூலப்பொருளாகக் கொண்டே நடந்தது. அதற்கு முன்பெல்லாம் நம் வீடுகளைத் தாங்கியது, கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டு நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்த சாந்துதான். சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உட்கொண்டு, சுடுவதற்கு முன்பிருந்த கல்லின் நிலைக்கே திரும்பிச் செல்கிற பொருள். ஆகையால் அது நிதானமாக இறுகுகிறது, இறுகிய பிறகும் சிறிது நெகிழ்ந்து கொடுக்கிறது, சுவருக்குள் ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடுகிறது. சிமெண்டு சீக்கிரம் இறுகும், வலிமை மிகுந்தது, ஆனால் வளைந்து கொடுக்காது. மெலிந்த தேகமுள்ள முதியவரின் கையை முரட்டு வாலிபன் ஒருவன் பற்றி இழுத்தால் எவர் கை பிசகும் என்று கேட்க வேண்டியதில்லை.

ஆகவே, சுண்ணாம்பாலோ மண் சாந்தாலோ கட்டிய பழைய சுவரோடு புதுச் சுவரைப் பல் விட்டுப் பிணைக்காதீர்கள் என்பதையே இந்த வாரத்துப் பிரதானமான விஷயமாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய சுவரும் சிமெண்டுக் கலவையால் கட்டியதாய், இரண்டு அஸ்திவாரங்களும் ஒரே ஆழத்தில் ஒரேவிதமான கெட்டி மண்ணில் அமைவதாயிருந்தால் பிணைக்கலாம். அப்போதும், பழைய செங்கலின் கனமும் புதிய செங்கலின் கனமும் அநேகமாக ஒத்துப்போகாதாகையால், வரிசைக்கு வரிசை பல் விட முயலாமல், மூன்று வரிசை உயரத்துக்கு ஒரு பொந்தும் மூன்று வரிசை உயரத்துக்கு ஓர் இடைவெளியுமாக, அரைக் கல் ஆழத்துக்குச் சுத்தமாக வெட்டி, தூசி போகக் கழுவி, நனைத்துக் கட்டுவதே சிலாக்கியம். மற்ற எல்லாச் சமயங்களிலும் புதிய அறை தன் காலிலே தானே நிற்கட்டும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, அதில் தெர்மாகோல் போன்ற மிருதுவான பொருளை வைத்துக் கட்டி முடித்து, பிறகு வெளிமுகத்தில் நெகிழும் பசையால் அடைத்து, உள்முகத்தில் ஒரு மரச்சட்டத்தாலோ அலுமினியப் பட்டையாலோ மறைத்துவிடலாம். அந்தப் பட்டையை ஒரு சுவரில் மட்டும் ஆணியடித்து நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் அடித்தீர்களானால், எந்த அசைவுக்காக இடைவெளி விட்டோமோ அந்த அசைவே ஆணியைப் பிடுங்கி எறிந்துவிடும். தளத்திலும் தரையிலும்கூட இந்த இடைவெளி தொடர வேண்டும். தளத்தில் மழைநீர் இறங்காதபடி, புதிய தளத்தின் ஓரத்தைச் சிறிது உயர்த்திக் கட்டி, பழைய சுவரில் ஒரு காடி வெட்டி, அதற்குள் செருகிய உலோகத் தகட்டை அந்த விளிம்பின்மேல் பிணைக்காமல் மடித்துவிட வேண்டும்.

அப்படியானால் புதிய தளத்தின் பாரத்தை நான்காவது பக்கத்தில் எது தாங்கும் என்று கேட்பீர்கள். பழைய சுவரின்மேல் ஏற்றிவிடுவதே செலவு குறைந்த வழியாகத் தோன்றும். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். பழைய சுவரிலிருந்து இரண்டு மூன்றடி விலகி இரண்டு தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஓர் உத்தரம் ஓட்டி, தளத்தை அந்த உத்தரத்தைத் தாண்டிப் பழைய சுவர்வரை நீளவிடுவதற்குக் கம்பிக் கணக்கு அறிந்த ஒரு பொறியாளரின் வரைபடம் வேண்டும். அதற்குக் கொடுக்கும் பணத்தை வீண் செலவென்று எண்ண வேண்டாம். தூணைச் சுவரை ஒட்டியே நிறுத்த முடியாததற்குக் காரணம், பழைய அஸ்திவாரம் பூமிக்குள் படிப்படியாக அகன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான்.

இனி, வானம் தோண்டுவது. இந்த வேலையில் உயிர்ச்சேதத்துக்கே இடமுண்டாகையால், இதில் மட்டும் சிக்கனமும் கூடாது, அவசரமும் கூடாது. முதலில் பழைய சுவரருகே ஓர் அடி அகலத்தில் ஒரு குழி தோண்டி, அஸ்திவாரம் எதுவரை போகிறதென்று பாருங்கள். அதைக் காட்டிலும் ஆழமாக அதன் பக்கத்திலேயே தோண்டுவது, நிற்கிற மனிதனின் பாதத்துக்கு அடியிலுள்ள மண்ணைப் பறிப்பதற்குச் சமானம். ஆழமாகப் போயே தீர வேண்டுமானால், கூடுதலான ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் இரண்டடி விலகிச் செல்லுங்கள். பழைய அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்ட வேண்டிய இடங்களில், முழு நீளத்தையும் ஒரே நாளில் திறந்து போடாமல், மூன்று நான்கடி நீளத்துக்குத் தோண்டி, அதைக் கட்டி நிரப்பி இறுகவிட்ட பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தொடவே கூடாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமிக்காரர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை: கோடையில் உங்கள் நிலம் பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது, ஒரு மெல்லிய கம்பியை அந்த வெடிப்பில் இறக்கிப் பாருங்கள், கம்பி எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு ஆழமும் வருஷந்தோறும் ஊதிச் சுருங்குகிற மண். அதற்கும் கீழே போகாத அஸ்திவாரம் அஸ்திவாரமே அன்று. அத்தகைய மண்ணுக்கென்றே, அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற தூண்களை இறக்கும் ஒரு முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

செங்கல் அடுக்கும் வேலையைப் பற்றி முன் இதழ்களில் எழுதியிருப்பதால் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணலும், நாலரை அங்குலச் சுவருக்கு நான்கு பங்கும் போதும். ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய முப்பத்தைந்து லிட்டர் கொள்ளுமாகையால், அதே கொள்ளளவில் ஓர் அளவுப்பெட்டி செய்துகொண்டால் சட்டிக் கணக்கில் வரும் சந்தேகங்கள் தீரும். செங்கல்லைத் தொட்டித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறப்போடாமல் வைத்தீர்களானால், கலவையின் நீரை அது உறிஞ்சிக்கொண்டு, கலவை வெறும் பொடியாகிவிடும். குழியுள்ள முகம் மேலே பார்க்க வேண்டும். குத்து மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடாது. ஒரு நாளில் நாலடி உயரத்துக்குமேல் எழுப்பாதீர்கள். அடியிலுள்ள கலவை இன்னும் பச்சையாயிருக்கையில் மேலே பாரம் ஏற்றினால் சுவர் பிதுங்கித் தூக்குக்குண்டுக்கு ஒத்து நிற்காது. கட்டிய சுவருக்கு ஒரு வாரமாவது காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். இது வீட்டுக்காரரே சிரத்தையோடு செய்யத்தக்க வேலை. இதற்குக் கொத்தனாரை எதிர்பார்ப்பது பிசகு.

பழைய சுவரையும் புதிய சுவரையும் ஒரே மாதிரியாகத் தோன்றச் செய்ய ஆசைப்பட்டு, சுண்ணாம்புச் சுவரின்மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் பூசுகிறவர்களைப் பல ஊர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பைக் கொண்டுவந்து சேர்த்து, சில வருஷங்களில் பூச்சைப் பாளமாகத் தள்ளிவிடும். தள்ளும்போது பழைய செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே தகும். நிறம் சிறிது வேறுபட்டால் வேறுபடட்டும்.

ஏற்கெனவே பிணைத்துக் கட்டி விரிசல் கண்டவர்கள், உடனே பூசி மூடாமல், முதலில் அந்த விரிசல் உயிரோடிருக்கிறதா அடங்கிவிட்டதா என்று அறிந்துகொள்ள வேண்டும். விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்திலே பென்சிலால் தேதியைக் குறித்துவையுங்கள். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும். மூன்றாம் முறை பூசிய பூச்சும் பிளந்த பிறகு, என் வீட்டு வடமேற்கு மூலையில் நான் ஒட்டிய முதல் கண்ணாடி ஒரு மாதத்தில் உடைந்தது. மறு கோடையில், மூலையிலிருந்த பிணைப்பை உளியால் மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்து, அரை அங்குல இடைவெளி விட்டு, அதை ஒரு மரச்சட்டத்தால் மறைத்து, பழைய சுவரின் கிழிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் தைத்து, அதன்மேல் இரண்டாவது கண்ணாடியை ஒட்டினேன். அதன் பிறகு மூன்று ஐப்பசிகள் போயின. மூலையிலே அந்த மரச்சட்டம் மட்டும் மழைக்காலத்தில் ஒரு நூல் அளவு நகர்ந்து கோடையில் திரும்பி வருகிறது. கண்ணாடி முழுசாக இருக்கிறது.

(அடுத்த வாரம்: தளம்)