ஒரு தண்டனையும் ஒரு நகரத்தின் சீற்றமும்

விளையாட்டு மைதானத்தில் நடுவரின் தீர்ப்பே இறுதியானது. ஆனால், தீர்ப்பு வழங்குபவரும் தண்டிக்கப்படுபவரும் வெவ்வேறு மொழிச் சமூகங்களைச் சேர்ந்தவர்களாக இருந்து, அச்சமூகங்களிடையே ஏற்கனவே மனக்கசப்பும் நிலவுமாயின், அத்தீர்ப்பு மைதானத்தின் எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை. 1955 மார்ச் மாதத்தில் கனடாவின் மொன்றியல் நகரில் இடம்பெற்ற சம்பவங்கள் இதற்குத் தக்க உதாரணமாகும். அச்சம்பவங்களின் மையமாக விளங்கியவர் ஐஸ் ஹொக்கி வீரரான மோரிஸ் ரிச்சார்ட்.

1921 ஆகஸ்ட் 4ஆம் திகதி மொன்றியலில், பிரெஞ்சு மொழி பேசும் தொழிலாளர் குடும்பமொன்றில் ரிச்சார்ட் பிறந்தார். தந்தை ரயில்வே பணிமனையில் வேலை செய்தவர். தாமும் இயந்திரத் தொழில் பயின்ற ரிச்சார்ட், 1942இல் மொன்றியல் கனேடியன்ஸ் அணியில் இணைந்தார். ஆரம்பத்தில் அடுத்தடுத்து ஏற்பட்ட எலும்பு முறிவுகளால், இவர் நிலைத்து நிற்பாரா என்று பலரும் ஐயுற்றனர். ஆனால், 1944-45 பருவகாலத்தில் 50 போட்டிகளில் 50 கோல்களைப் போட்டு, தேசிய ஹொக்கி லீக்கில் அதுவரை எவரும் எட்டாத சாதனையை அவர் நிலைநாட்டினார். பனித்தளத்தில் அவர் பாய்ந்து செல்லும் வேகத்தைக் கண்டவர்கள் அவரை 'ரொக்கெட்' என்றே அழைத்தனர்.

அக்கால மொன்றியலின் நிலையை அறியாமல் ரிச்சார்ட்டின் செல்வாக்கை விளங்கிக்கொள்ள முடியாது. கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழி பேசுவோரே பெரும்பான்மையினர். எனினும், வங்கிகளினதும் பெரு நிறுவனங்களினதும் உயர் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் வசமே இருந்தன. ஹொக்கி லீக்கின் நிர்வாகமும் இதற்கு விதிவிலக்கல்ல. பிரெஞ்சு வாரப் பத்திரிகையொன்றில் பத்தி எழுதி வந்த ரிச்சார்ட், லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் கேம்பலை ஒரு சர்வாதிகாரி எனச் சாடியமைக்காக, 1954இல் மன்னிப்புக் கோரி 1,000 டொலர் பிணைப்பணமும் செலுத்த நேர்ந்தது. அவரது பத்தியும் நின்றுபோனது.

1955 மார்ச் 13ஆம் திகதி பொஸ்டனில் நடைபெற்ற போட்டியில், எதிரணி வீரர் ஒருவரின் மட்டை பட்டு ரிச்சார்ட்டின் தலையில் காயம் ஏற்பட்டது. சினமுற்ற அவர் அவ்வீரரை மட்டையால் தாக்கியதுடன், தம்மைப் பிடித்து நிறுத்திய உதவி நடுவரையும் அடித்தார். இது பாரதூரமான குற்றமென்பதை மறுப்பதற்கில்லை. சில மாதங்களுக்கு முன்னரும் போட்டி அதிகாரி ஒருவரைத் தாக்கி அவர் அபராதம் செலுத்தியிருந்தார். பருவகாலத்தின் எஞ்சிய போட்டிகளிலும் ஸ்டான்லி கிண்ணத்துக்கான போட்டிகளிலும் ரிச்சார்ட் பங்குபற்றக்கூடாதென மார்ச் 16ஆம் திகதி கேம்பல் தீர்ப்பளித்தார்.

பிரெஞ்சு மக்கள் இதனை ஒரு வீரருக்கான தண்டனையாக நோக்கவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகவே கொண்டனர். மறுநாள் மொன்றியல் ஃபோரம் அரங்கில் நடைபெற்ற போட்டிக்கு, எச்சரிக்கைகளையும் பொருட்படுத்தாது கேம்பல் நேரில் சமுகமளித்தார். அவர்மீது பொருட்கள் வீசப்பட்டன. கண்ணீர்ப்புகைக் குண்டொன்று வெடித்ததும் போட்டி கைவிடப்பட்டு, வெற்றி டிட்ரொயிற் அணிக்கு வழங்கப்பட்டது. வெளியே சென் கத்தரின் வீதியில் கடைகள் உடைக்கப்பட்டு, சூறையாடப்பட்டன.

மார்ச் 18ஆம் திகதி ரிச்சார்ட் வானொலியில் பேசினார். தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும் அடுத்த ஆண்டு மீண்டும் வந்து விளையாடுவதாகவும் தெரிவித்த அவர், மக்களை அமைதி காக்குமாறு கேட்டுக்கொண்டார். நகரம் அடங்கியது. தமது பெயரால் மூண்ட தீயை மேலும் வளர்த்துக் கைதட்டல் பெற அவர் முனையவில்லை. அவரது வாழ்வில் கோல்களின் எண்ணிக்கையிலும் பார்க்க உயர்ந்து நிற்பது இச்செயலே எனலாம்.

அவ்வாண்டு கிண்ணம் டிட்ரொயிற் வசமானது. ஆனால், 1956 முதல் 1960 வரை தொடர்ச்சியாக ஐந்து தடவைகள் கனேடியன்ஸ் அணியே கிண்ணத்தை வென்றது. 544 கோல்களுடன் 1960இல் ரிச்சார்ட் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் கியூபெக்கில் 'அமைதிப் புரட்சி' எனப்படும் அரசியல், சமூக மாற்றம் ஆரம்பமானது. 1955 கலவரமே அதன் முன்னறிகுறி என்று கருதுவோர் உளர். ரிச்சார்ட்டோ தம்மை ஒரு ஹொக்கி வீரராக மட்டுமே கருதி வந்தார். 2000 மே 27ஆம் திகதி அவர் காலமானபோது, கியூபெக் அரசு அரச மரியாதையுடன் இறுதிக்கிரியைகளை நடத்தியது.

கேம்பலின் தீர்ப்பு விதிகளுக்கு உட்பட்டதாகவே இருந்திருக்கலாம். ஆயினும், தமது குரலுக்கு இடமில்லாத நிறுவனமொன்று வழங்கும் தீர்ப்பை, அது நியாயமானதாக இருந்தாலும், மக்கள் இலகுவில் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கையைப் போக்கும் பொறுப்பு அதிகாரத்தில் இருப்போருக்கே முதலில் உரியது. மக்களின் கோபத்தை வன்முறையிலிருந்து விலக்கி நிறுத்தும் பொறுப்பு, அம்மக்கள் நேசிக்கும் தலைவர்களுக்கு உரியது. அன்று மொன்றியலில் முன்னையது தவறியது; பின்னையது தவறவில்லை.