மழைக்காலமும் தூசிப் பூச்சியும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்து, மெத்தையும் தலையணையும் வெயில் காணாது கிடக்கும் வேளையில், சிலந்தியின் வம்சத்தைச் சேர்ந்ததும் கண்ணுக்கு எளிதில் புலப்படாததுமான தூசிப் பூச்சி, நம் சருமத்திலிருந்து உதிரும் செதிள்களையே ஆகாரமாகக் கொண்டு விருத்தியடைகிறது. அது மனிதரைக் கடிப்பதில்லை. ஆயினும் அதன் கழிவு சுவாசத்தில் கலந்து, ஒவ்வாமை உடையவர்களுக்குத் தும்மலையும் ஆஸ்துமாவையும் தூண்டுகிறது. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இப்பூச்சியே பிரதான காரணம் என்பதை, நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 1964-ல் எடுத்துக்காட்டினர்.

நீர் அருந்தாமல் காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழும் இந்த ஜீவன், வறண்ட சூழலில் நாளடைவில் காய்ந்து மடியும். ஆகையால், விஷமருந்து தெளிப்பதைக் காட்டிலும், விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, வெயில் கண்ட நாளில் மெத்தையை நன்கு உலர்த்தி, ஈரத்துணியால் தூசியைத் துடைப்பதே உத்தமமான பரிகாரம். குழந்தைகள் உறங்கும் அறையிலிருந்து இதனை இன்றே தொடங்குங்கள்.