கண்ணாடியில் பார்த்தாற்போல் ஓர் ஆட்டம்

அம்பத்தூரை அடுத்த பாடி என்றதும் தொழிற்சாலைகளே பலருக்கு நினைவு வரும். அந்தப் பாடியைச் சேர்ந்த வைஷாலி, 2013-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதிலே, சென்னைக்கு வந்திருந்த நார்வே வீரர் மாக்னஸ் கார்ல்சனைச் சதுரங்கத்தில் தோற்கடித்தாள்! அவர் ஏககாலத்தில் பல குழந்தைகளோடு ஆடிய ஆட்டந்தான். ஆயினும் வெற்றி வெற்றியே அல்லவா? பின்னாளில் வைஷாலியும் அவள் தம்பி பிரக்ஞானந்தாவும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார்கள். ஓர் அக்காளும் தம்பியும் அப்பட்டத்தை அடைந்தது உலகிலேயே அதுதான் முதல் தடவை.

அந்தக் கார்ல்சன் அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, உலகப் பட்டத்துக்காக, சென்னையிலேயே நம் விசுவநாதன் ஆனந்தின் எதிரே வந்து உட்கார்ந்தார். முதல் ஆட்டம், வெள்ளைக் காய்கள் அவருக்கு.

நடுக் கட்டங்களில் சிப்பாய்களை விரைந்து செலுத்துவதே பழைய சம்பிரதாயம். கார்ல்சனோ முதலில் குதிரையை எடுத்தார். பிறகு ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் தள்ளி, அந்த இடைவெளியில் மந்திரியை அமர்த்தினார். (பிஷப் என்பார்களே, அந்தக் காய்தான்.) ஓரத்தில் ஒதுங்கியதுபோல் தோன்றினாலும் மந்திரியின் பார்வை கோணவாக்கில் எதிர்க்கோடி வரை பாயும். இவ்வகை ஆட்டத்தால்தான், எட்டு ஆண்டுகள் தோல்வியே அறியாதிருந்த காபபிளாங்காவை ரிச்சர்டு ரேட்டி 1924-இல் நியூயார்க்கில் வீழ்த்தினார்.

ஆனந்த் என்ன செய்தார்? அவரும் அதே சிப்பாயைத் தள்ளினார். அதே இடத்தில் மந்திரியை வைத்தார். ஆறு நகர்த்தல்கள் முடிந்தபோது இரு ராஜாக்களும் கோட்டைக்குள் இருந்தார்கள். இரண்டு படைகளுக்கும் ஆளுக்கொரு சிப்பாய்தான் வித்தியாசம்.

"எதிராளியைப் பார்த்து அப்படியே ஆடிவிட்டால் போதாதா, ஐயா?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. போதாது. முந்தி நகர்த்துகிறவருக்கு ஓரடி லாபம். அவர் நம் ராஜாவைத் தாக்கிய கணமே காப்பியடிக்கும் வித்தை தீர்ந்தது. காலமறிந்து விலகுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒன்பதாவது நகர்த்தலில் ஆனந்த் ஒரு சிப்பாயை வெட்டினார். பதினோராவதில் அவர் குதிரை வெள்ளைப் படையின் எல்லைக்குள் பாய்ந்தது. அப்புறம் ராணியை அது படுத்திய பாடு! ராணி ஒரு கட்டம் விலகினால் குதிரை துரத்தித் தாக்கும். ராணி திரும்பினால் குதிரையும் திரும்பும். தொடர்ந்து போராடுவது ஆபத்தென்று கார்ல்சன் நிறுத்திக்கொண்டார். பதினாறே நகர்த்தல்களில் ஆட்டம் சமன்.

இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் இருக்கலாம். கறுப்புக் காய்களோடு அமர்ந்தவர், வெள்ளையின் லாபத்தைப் பதினாறு அடிகளில் கரைத்துவிட்டதை அவர்கள் கவனிக்கவில்லை. ஆனால் தொடர் நீண்டது. ஐந்தாவது, ஆறாவது, ஒன்பதாவது ஆட்டங்களில் கார்ல்சன் வென்றார். நவம்பர் 22-ஆம் தேதி, பத்தாவது ஆட்டம் சமனில் முடிய, 6½–3½ என்ற கணக்கில் பட்டம் நார்வேக்குப் போயிற்று.