தூக்கத்தில் நிற்கும் மூச்சும் காற்றூதும் கருவியும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

குறட்டை என்றாலே நமக்குச் சிரிப்புத்தான். நம் விடுதியில் குறட்டை விடும் நண்பர்களுக்கு வழங்கும் பட்டப்பெயர்களை இங்கு எழுதினால் மலர்க்குழுவினர் வெட்டிவிடுவார்கள். ஆனால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகி, சற்று நேரம் கழித்துத் திமிறிக்கொண்டு மூச்சை இழுப்பாரானால் அது சிரிப்புக்குரியதன்று. அந்த அமைதியின்போது அவர் மூச்சே விடவில்லை. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் மருத்துவர்கள் அதை ஒன்று என எண்ணுகிறார்கள். மூச்சு மிகவும் மெலிந்துபோகும் வேளைகளையும் இதனோடு சேர்த்துக் கூட்டி, மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் இலேசான நோய் என்றும், 30 வரை நடுத்தரம் என்றும், அதற்கும் மேற்பட்டால் கடுமையானது என்றும் வகுத்திருக்கிறார்கள். என் தந்தையாருக்கு 46.

அவர் சரக்கு லாரி ஓட்டுநர். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை, கையில் ஸ்டியரிங்குடன் கண்ணயர்ந்துவிட்டார். சாலையை விட்டிறங்கிய வண்டி ஒரு புளியமரத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. அதன்பின் ஓர் இரவு முழுவதும் உடலெங்கும் கம்பிகளைப் பொருத்திச் சோதித்ததில்தான் நோய் தெரிந்தது. அன்றிலிருந்து சிபாப் என்னும் கருவி இல்லாமல் அவர் உறங்கியதில்லை. சென்ற கோடை விடுமுறையில் அந்தக் கருவி சீழ்க்கையடிக்கத் தொடங்கியது. மோட்டாரின் ஆயுள் முடிந்தது என்ற செய்தியும் திரையில் தோன்றியது. "ஃபிஸிக்ஸ்தானே படிக்கிறே, நீயே பார்த்து ஒண்ணு வாங்குடா" என்று அப்பா பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கருவியின் தத்துவம் மிக எளியது. நாம் விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் விறைப்பாக நின்று மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து பாதையை அடைத்துவிடும். காற்றிறங்கிய சைக்கிள் டியூபின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிறிது காற்றழுத்தம் நிலையாக இருந்தால் அது ஒட்டாது. மூக்கின் மேல் ஒரு முகமூடியைப் பொருத்தி அந்த அழுத்தத்தை இரவெல்லாம் தருவதுதான் இக்கருவியின் வேலை.

எவ்வளவு அழுத்தம்? ஒரு குழலைத் தண்ணீருக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழம் அமிழ்த்தி ஊதுங்கள். குமிழி வெளிவரத் தேவைப்படும் அழுத்தம் எதுவோ அதுதான் பத்து சென்டிமீட்டர் நீரழுத்தம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலத்தின் அழுத்தம் இதே அளவையில் ஏறத்தாழ 1033. ஆகவே நூற்றில் ஒரு பங்கு கூடுதலே ஒரு மனிதனை மணிக்கு 46 முறை மூச்சடைப்பதிலிருந்து காக்கிறது! பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை ஊதக்கூடியவை. என் தந்தையாருக்கு எழுதிக் கொடுத்திருந்தது 11.

இதனைக் கண்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதே உறுதியான சிகிச்சையாக இருந்தது. 1980-இல் சிட்னி நகரில், அத்துளைக்கு உடன்படாத ஒரு நோயாளிக்கு, தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரை ஊதும் பக்கமாகத் திருப்பி அமைத்து மூக்கின் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார். அம்மனிதர் இரவு முழுவதும் அடைப்பின்றி உறங்கினார். ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1981-இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

இனி வாங்கும் கதைக்கு வருவோம். கடைக்காரர் முதலில் காட்டியது எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததை. இவற்றில் மூன்று வகைகள் உண்டு. ஒரே அழுத்தத்தில் ஊதுவது சாதாரண சிபாப். தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைப்பது ஆட்டோ. மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமுமாகத் தருவது பைபாப். விலை ஏற ஏறத் தரம் ஏறும் வரிசையன்று இது. வெவ்வேறு நோய்நிலைகளுக்குரிய வெவ்வேறு கருவிகள். ஆங்கில இலக்கிய மாணவர்கள் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் நின்ற இடத்திலேயே உறங்கிவிடும் பருத்த சிறுவன் ஜோவை அறிவார்கள். அவனை நினைத்தே 1956-இல் மருத்துவர்கள் ஒரு நோய்க்குப் பிக்விக் பெயரைச் சூட்டினர். பகலிலும் இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்திருக்கும் அத்தகையோரில் சிலருக்குப் பைபாப் வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அது வேண்டியதில்லை. இன்னும் உயர்தரமாகத் தானே தகவமைத்து ஊதும் கருவி ஒன்றும் உண்டு. இதயத்தின் உந்துதிறன் குன்றி, மூளையின் கட்டளை தவறுவதால் மூச்சு நிற்போருக்கு அதனைப் பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. இதயநோயால் இறந்தோர் தொகை அவர்களிடையே குறையவில்லை, கூடியே இருந்தது. வெறும் காற்றுத்தானே என்று நினைத்திருந்த எனக்கு இது பெரும் அதிர்ச்சி.

ஆகவே கடையிலிருந்து நேரே மருத்துவரிடம் சென்றேன். அவர் புதுக் கருவியைப் பற்றிப் பேசவே இல்லை. பழைய கருவியின் நினைவு அட்டையைக் கேட்டார். எத்தனை மணி நேரம் உறங்கினார், எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது, முகமூடியின் ஓரமாக எவ்வளவு காற்று கசிந்தது என்பவை நாள்தோறும் அதில் பதிவாகியிருக்கின்றன. நான்கு மாதங்களாகக் கசிவு மிகுதி. முகமூடியின் சிலிக்கோன் மெத்தை நைந்துபோயிருந்தது. மோட்டார் கிழமாகியது உண்மையே. ஆனால் அப்பா அண்மையில் பகலில் தூங்கி வழிந்ததற்கு முகமூடியே பெரிதும் காரணம் என்றார் மருத்துவர். அதை மாற்றாமல் எவ்வளவு விலையில் கருவி வாங்கியிருந்தாலும் அதே கசிவுதான். பெரும்பாலான குழாய்களும் முகமூடிகளும் எந்த நிறுவனத்தின் கருவியிலும் பொருந்தும். பயணத்துக்கென்று விற்கும் சிறு கருவிகள் சில தமக்குரிய முகமூடியையே ஏற்கும். உள்ளங்கையில் அடங்குகிறதே என்று நான் ஆசைப்பட்ட ஒன்று இதனாலேயே கழிந்தது.

ஏழாண்டுகளில் அப்பாவின் எடை குறைந்திருந்ததால் பழைய 11 இன்றும் பொருந்தும் என்பதற்கில்லை. ஆட்டோ வகையையே எழுதிக் கொடுத்தார்.

பிறகு மின்சாரம். அப்பா மாதத்தில் பாதி இரவுகள் லாரியின் கேபினில் படுப்பவர். காற்றை ஊதுவதற்கு ஆகும் மின்சாரம் சிறிது. மூக்கு வறளாமலிருக்க நீரைச் சூடாக்கி ஈரமூட்டுவதற்கு ஆவதே பெரிது. அதை நிறுத்திவிட்டால் ஒரே மின்கலம் பல மணி நேரம் கூடுதலாக வரும். கருவிகளுள் சில 12 வோல்ட்டில் இயங்குபவை, சில 24 வோல்ட். லாரியின் மின்கலமும் 24 வோல்ட் என்பதால் நேராக இணைத்துவிடலாம் என்று பெருமையோடு சொன்னேன். எஞ்சின் ஓடும்போது அந்த 24 என்பது 28 வரை ஏறும் என்று என் இயற்பியலைத் திருத்தியவர் எட்டாம் வகுப்போடு நிறுத்திய என் தந்தையார்தான்! நிறுவனமே தரும் மாற்றிக் கம்பியின் வழியாகத்தான் இணைக்க வேண்டும். வண்டி கிளம்புமுன் ஈரமூட்டும் தொட்டியின் நீரைக் கொட்டிவிட வேண்டும். சாய்ந்தால் நீர் மோட்டாருக்குள் போய்விடும்.

பாதி விலைக்குப் பழைய கருவி ஒன்றைத் தருவதாக ஒருவர் சொன்னார். ஓடிய மணிக்கணக்கைக் காட்டவில்லை, விட்டுவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகளில் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஓசையைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகள்களும் ஆவியும் உறங்குவோரின் மூச்சில் கலக்கக்கூடும் என்பதே காரணம். ஓசோன் வாயுவால் தூய்மை செய்யும் பழக்கம் அச்சிதைவை விரைவுபடுத்தக்கூடும் என்றும் சொல்லப்பட்டது. யாரோ பயன்படுத்திய கருவியை வாங்குவோர் அதன் வரிசை எண் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. வண்ணத்திரை, கைப்பேசி இணைப்பு இவற்றுக்கெல்லாம் தனியே பணம் கொடுப்பது என் கருத்தில் வீண். எங்கள் ஊருக்கு அருகில் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா என்பதையே நான் இருமுறை கேட்டேன்.

இவ்வளவுக்கும் பதினொரு நாட்கள் ஆயின. அதுவரை அப்பா வண்டி எடுக்கவில்லை, வாடகை போயிற்று. பழையதைப் பொருத்திக்கொண்டு ஒரு நடை போய்வருகிறேன் என்று இருமுறை கிளம்பினார். அம்மா சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தார்.

புதுக் கருவி வந்த முதல் இரவு அவருக்குப் பிடிக்கவில்லை. "காத்து பத்தலடா" என்றார். படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும்படி அமைத்திருந்ததே காரணம். தொடக்க அளவைச் சற்று உயர்த்தும்படி மருத்துவர் சொன்னார். ஒரு வாரம் கழித்து அட்டையைப் பார்த்தபோது மணிக்கு 3 என்றிருந்தது, கசிவும் இல்லை. திங்கட்கிழமை நெல் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பழைய கருவியை எறியவில்லை. புதியது பழுதானால் ஓரிரு இரவுக்காவது ஆகும் என்று, புது மெத்தை போட்ட முகமூடியுடன் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறோம்.